ஹீரோ வராத ஷூட்டிங்

ஞாயிறு இரவு, மேட்டுப்பாளையம்

ஊட்டிக்கு ஷூட்டிங் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஹீரோ யார்? ஹீரோ வரவில்லை. ஹீரோயினும் இல்லை. டைரக்டரே சென்னையில்தான் இருக்கிறார். வந்திருப்பது ஒரு வேன், ஐந்து பேர், கொஞ்சம் பெட்டிகள். மலையை அளந்து, சுற்றிச் சுற்றிப் படம்பிடித்து, ஹார்டு டிஸ்கில் ஏற்றிக்கொண்டு இறங்குவது எங்கள் வேலை. நடிப்பெல்லாம் இரண்டு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்குள், எல்.இ.டி. சுவருக்கு முன்னால். படத்தின் பெயர் கேட்காதீர்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பெயர் இல்லாமலே தினம் கொஞ்சம் எழுதிப் போடலாம் என்று உத்தேசம்.

இ-பாஸ் எடுத்தாயிற்று. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 ஏப்ரலில் எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மேலே போகாது என்பதால் மேனேஜர் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ யூனிட்டில் வேலை பார்த்திருக்கிறேன், பேட்டா தவிர வேறு எதுவும் கைக்கு வந்ததில்லை. பெரிய முன்னேற்றம்.

திங்கள், பர்லியார் வழியாகக் குன்னூர்

இன்றைய வேலைக்குப் பெயர் பிளேட். வேனின் கூரைமேல் குழாய்ச் சட்டம் கட்டி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கேமரா. எல்லாம் ஒரே நொடியில் ஓட ஆரம்பிக்க வேண்டும், டைம்கோடு பொருந்த வேண்டும், வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழைந்தாலும் எக்ஸ்போஷர் மாறக் கூடாது. இப்படிப் பிடித்த மலைப்பாதையை ஸ்டுடியோவில் கார் ஒன்றைச் சுற்றி நிற்கும் எல்.இ.டி. சுவர்களில் ஓட்டுவார்கள். கார் நகராது. பாதை நகரும். ஹீரோ ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வசனம் பேசலாம்.

பழைய படங்களில் கார் ஓட்டும் காட்சி நினைவிருக்கிறதா? வளைவே இல்லாத ரோட்டில் ஹீரோ ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவார், பின் கண்ணாடியில் மரங்கள் தனியாகக் குதித்துக்கொண்டு போகும். பேக் புரொஜெக்‌ஷன். முன்பே எடுத்த பாதையைக் காருக்குப் பின்னால் திரையில் ஓட்டுவது. எங்கள் எல்.இ.டி. சுவர் அதன் பேரப்பிள்ளைதான். நடுவில், பச்சைத் துணிக்கு முன்னால் நடிக்கவைத்துப் பின்னணியைப் பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டும் காலம் ஒன்று வந்து போனது. பச்சைத் துணியில் உள்ள தொல்லை, பச்சை கன்னத்திலும் தலைமுடி ஓரத்திலும் கார் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைக்கவே ஒரு கூட்டம் கம்ப்யூட்டர் முன் ராத்திரியெல்லாம் உட்கார வேண்டும். எல்.இ.டி.யில் முகத்தில் விழும் வெளிச்சமே அந்தப் பாதையின் வெளிச்சம். மரம் கடந்தால் நிழல் கன்னத்தைக் கடக்கும். 2019-ல் வந்த 'தி மாண்டலோரியன்' தொடருக்குப் பிறகு உலகம் முழுக்க இந்த முறை பரவியது. ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவிலும் இதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் எங்கள் டிரைவர் அண்ணாவுக்கு ஆறுதல் தரவில்லை. அவர் கூடலூர்க்காரர், இந்த மலையில் லாரி ஓட்டி வளர்ந்தவர். 14 கொண்டை ஊசி வளைவிலும் மணிக்கு இருபத்தைந்துக்கு மேலேயும் போகக் கூடாது, கீழேயும் இறங்கக் கூடாது என்றால் எந்த டிரைவருக்குத்தான் பிடிக்கும்?

"அண்ணா, அதே வேகம்."

"தம்பி, பின்னாடி பஸ்காரன் ஹாரன்லயே திட்டறான், கேக்குதா? இறங்குனா நேர்லயும் திட்டுவான்."

ஒலி எங்களுக்கு வேண்டாம் என்பதால் பஸ்காரர் தப்பித்தார்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் ரயில் தவழ்ந்து ஏறுவது இடையிடையே மரங்களுக்குள் தெரியும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. டேவிட் லீன் 1984-ல் 'எ பாசேஜ் டு இந்தியா'வுக்காக இந்த ரயிலைத்தான் கற்பனைக் குகைகளான மராபாருக்குப் போகும் ரயிலாக்கினார். 1998-ல் 'தில் சே' படத்தின் ரயில் பாட்டை இதே ரயிலின் கூரைமேல் நிஜமாகவே நின்று ஆடி எடுத்தார்கள். கேமரா சந்தோஷ் சிவன், நடனம் ஃபரா கான். திரையில் பார்க்கும்போது வேகமாகத்தான் தெரிகிறது. இந்த ரயில் ஏறும் வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் என்று தெரிந்தால் அது கேமராவும் காலும் சேர்ந்து செய்த வேலை என்று புரியும். இன்றைக்கு அப்படிக் கூரைமேல் ஏற்ற எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார், இன்சூரன்ஸும் ஒத்துக்கொள்ளாது. எங்களை மாதிரி ஐந்து பேரை அனுப்பிப் பிளேட் எடுத்துவரச் சொல்வார்.

செவ்வாய், கேத்தி

டிரோன் பறக்கவில்லை. வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இந்தப் பக்கம் பறக்கவிட்டால் டிரோன் மட்டுமல்ல, நாங்களும் வீடு திரும்ப மாட்டோம்.

சும்மா இருந்த நேரத்தில் கேத்தி ஸ்டேஷன் போனோம். 'மூன்றாம் பிறை' (1982) கடைசிக் காட்சி எடுத்த இடம். பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் கமலுக்கு நடிப்புக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். பிளாட்பாரத்தில் ஒரு பையன் தலையில் பாத்திரம் வைத்துக்கொண்டு கரணம் அடிக்க, அவன் தங்கை போனில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் வந்தபோது இவர்கள் அப்பாவே டவுசர் போட்டிருப்பார். "அண்ணா, கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றாள் எங்கள் கேமரா உதவியாளரிடம். பதினைந்து வருஷ அனுபவசாலி ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றார்.

புதன், ஷூட்டிங் மட்டம்

ஊட்டி கூடலூர் ரோட்டில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளி. ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று மைல்கல் கணக்கில் சொல்வார்கள், இந்த மேட்டுக்கு ஷூட்டிங் மட்டம் என்றே பெயர். ஒரு காலத்தில் எந்த மொழிப் படமானாலும் டூயட் என்றால் இங்கே ஒரு நாளாவது கால்ஷீட் உண்டு. 'ரோஜா' (1992) எடுத்தபோது காஷ்மீர் போக முடியாத நிலைமை. குன்னூர், ஊட்டி, மணாலி எல்லாம் சேர்ந்து காஷ்மீர் ஆயின. டி.ஐ., அதாவது கம்ப்யூட்டரில் நிறம் திருத்துவது, கிடையாத காலம். பிரிண்ட் போடும்போது மொத்தமாக நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நேரம் பார்த்து, மேகம் பார்த்து, ஃபில்டர் போட்டு எடுத்தது.

லைடார் ஸ்கேனரை முக்காலியில் ஏற்றினோம். சுழன்றபடி லேசர் துடிப்புகளை வீசி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். கிடைப்பது புள்ளிகளால் ஆன மேடு: கோடிக்கணக்கான புள்ளி. பத்து இடத்தில் முக்காலி மாற்றி வைத்து எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் முழு வடிவம். பிளேட் மட்டும் போதாதா என்று கேட்கலாம். பிளேட் தட்டையான படம். ஸ்டுடியோவில் கேமரா ஒரு அடி நகர்ந்தாலும் பக்கத்து மரமும் தூரத்து மலையும் ஒரே மாதிரி நகரும், உடனே பொய் தெரிந்துவிடும். மேடு முப்பரிமாணத்தில் இருந்தால் கேமராவின் அசைவைக் கம்ப்யூட்டர் பின்தொடர்ந்து சுவரில் தெரியும் காட்சியைத் திருப்பித் திருப்பி வரையும்.

சென்னையிலிருந்து மேனேஜரின் மேலிடம் கேட்டதாம்: "அதான் ஏ.ஐ. ரெண்டு வரி எழுதினா மலை கொடுக்குதே, எதுக்கு லாட்ஜ் வாடகை?" கொடுக்கும். அடுத்த ஷாட்டில் அந்த மலையையே கொடு என்று கேட்டால் மரம் இடம் மாறியிருக்கும், ஓடை காணாமல் போயிருக்கும். கன்டினியூட்டி பார்க்கும் அசிஸ்டென்ட் டைரக்டருக்கு அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. இன்னும் இரண்டு வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் திரும்பப் பெற வேண்டி வரலாம்.

பத்து மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. இந்தப் புல்வெளிக்குச் சினிமா வந்ததே அதற்காகத்தான். வெயில் அதில் கசிந்து வந்தால் எந்த முகமும் அழகாகிவிடும். லைடாருக்கு அதுவே எமன். லேசர் நீர்த்துளியில் பட்டுச் சிதறி, இல்லாத இடத்திலெல்லாம் புள்ளி விழும். ஸ்கேனரை மூடிவைத்துவிட்டு போட்டோகிராமெட்ரிக்கு மாறினோம். ஒன்றின்மேல் ஒன்று முக்கால்வாசி படிகிற மாதிரி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்து, பாறைக்கும் மரப்பட்டைக்கும் மேல்தோல் செய்வது. இதற்கு வெயிலே ஆகாது, மேகம் மூடிய மந்தமான வெளிச்சம் வேண்டும். வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து பதிந்துவிடும், பிறகு அந்தப் பாறைக்கு ஸ்டுடியோவில் ராத்திரி வராது. இப்படி ஒரே புல்வெளியில் பழைய கேமராமேனுக்கு ஒரு வானிலை, லேசருக்கு ஒரு வானிலை, போட்டோவுக்கு ஒரு வானிலை. மூவரும் சேர்ந்து வந்திருந்தால் அடிதடி ஆகியிருக்கும்.

எங்கள் கணக்கில் வராதது அந்தப் பனிமூட்டம் மட்டுமே. அதை அள்ளிப் போக வழியில்லை. கம்ப்யூட்டரில் பிறகு செய்துகொள்கிறோம், ஒரு பிரேமைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்கும் நேரம் (ரெண்டர்) கன்னாபின்னாவென்று ஏறும். ஸ்டுடியோவில் புகை போட்டால் எல்.இ.டி. சுவரின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும்.

குதிரைக்காரர் ஒருவர் காலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, ஷூட்டிங் எப்போ ஆரம்பம்?"

"இதுதாங்கண்ணா ஷூட்டிங்."

முக்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யூனிட்டு?"

"நாங்கதான்."

அவர் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒரு யூனிட் என்றால் நூறு, நூற்றைம்பது பேராம். ஜெனரேட்டர் வண்டி, லைட்மேன்கள், ஆர்ட் ஆட்கள், டான்ஸ் கோஷ்டி, சாப்பாட்டு வண்டி. ரிஃப்ளெக்டர் பிடிக்கவும் டிராலித் தண்டவாளம் தூக்கவும் உள்ளூர் ஆள் எடுப்பார்கள். லாட்ஜ், ஜீப், டீக்கடை எல்லாவற்றுக்கும் ஒரு வாரம் பிழைப்பு. பின்னணியில் ஓட இவருடைய குதிரைக்குத் தனி வாடகை, குதிரை ஹீரோவை மேலே ஏற்றினால் இரட்டை வாடகை. "உங்களால ஒரு டீக்கு மேல யாருக்கும் லாபமில்லீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னொன்று அவர் சொல்லாதது, எனக்கே உறுத்துவது. இடத்துக்குக் கட்டும் கட்டணம் நாள் கணக்கு. நாங்கள் ஒரு நாளுக்குக் கட்டினோம். எடுத்துப் போகும் மேடு ஹார்டு டிஸ்கில் எத்தனை வருஷமும் இருக்கும், நிறம் மாற்றி இன்னொரு படத்துக்கு, கன்னடப் படத்துக்கு, விளம்பரத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம். 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்கு ஏ.ஆர். ரஹ்மான் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர்களின் குரலை ஏ.ஐ. மூலம் பயன்படுத்தியபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். புல்வெளிக்குக் குடும்பம் இல்லை. இருக்கிற குதிரைக்காரரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை.

வியாழன், இந்து நகர்

மூட்டம் விலகவில்லை, வேலை இல்லை. மைசூர் ரோட்டில் இந்து நகருக்குப் போனேன். இங்கேதான் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் பதிவான மத்திய அரசு நிறுவனம், பிரெஞ்சுத் தொழில்நுட்பம், 1967-ல் உற்பத்தி. எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ பேப்பர், கறுப்பு வெள்ளை சினிமா ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து போயின. சினிமா இந்த மலைக்கு அழகு தேடி வந்தது என்றே எல்லோரும் நினைக்கிறோம். சினிமாவின் கச்சாப் பொருளையே இந்த மலை செய்துகொண்டிருந்தது என்பது இங்கே வருகிற டூரிஸ்ட்டில் நூற்றுக்கு ஒருவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்.

வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் டீக்கடையில் கிடைத்தார். ஏன் ஐயா ஊட்டியில் வைத்தார்கள் என்று கேட்டேன். "தூசிதான் தம்பி" என்றார். "இங்க காத்துல தூசி கம்மி. சூடும் கம்மி." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு பிரேமின் அகலம் ஏறக்குறைய 22 மி.மீ. 11 மீட்டர் திரையில் அது 500 மடங்கு. ஃபிலிமில் பூசும் எமல்ஷனில் விழும் 0.1 மி.மீ. தூசி திரையில் 5 செ.மீ. புள்ளி, கதாநாயகி மூக்கில் உட்கார்ந்தால் போதும்.

ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து ஃபிலிமில் பூசுவதுதான் கோட்டிங். வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ். "உள்ளே போனா கும்மிருட்டு. ஆளை முகத்தை வெச்சு அடையாளம் தெரியாது, இருமலை வெச்சுத்தான். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா வெயில் கண்ணுல குத்தும்." சென்னையில் எங்கள் டி.ஐ. அறையும் ஜன்னல் இல்லாத இருட்டுதான். ஒரு படம் முடிவதற்குள் நான் சூரியனை மறந்துவிடுவேன். அதைச் சொன்னதும் பெரியவருக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது, இரண்டாவது டீ அவர் கணக்கு.

கலர் நெகட்டிவ் பெரும்பாலும் கோடாக், ஃபியூஜி என்று வெளிநாட்டுச் சரக்குதான். 400 அடிச் சுருள் நிமிஷத்துக்கு 90 அடி வீதம் நாலரை நிமிஷம்கூட ஓடாது. ஒவ்வொரு டேக்கும் காசு. அதனால்தான் ரிகர்சல், அதனால்தான் வெளிச்சத்துக்குக் காத்திருப்பு. பிறகு டிஜிட்டல் வந்தது. 'உன்னைப்போல் ஒருவன்' (2009) ரெட் ஒன் கேமராவில் வந்தது. ஆரி அலெக்ஸா கேமரா வந்தது 2010-ல். கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஃபியூஜி 2013-ல் சினிமா ஃபிலிம் உற்பத்தியை நிறுத்தியது. ஏற்கெனவே நலிந்திருந்த இந்து நகரும் மூடப்பட்டது. இப்போது கேமராவை நிறுத்தவே மாட்டோம் என்கிறார்கள். சுருக்காத 'ரா' (raw) கோப்பாகப் பெரிய கேமராவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும், அதை இரண்டு பிரதி எடுத்து ஒவ்வொன்றையும் சரிபார்க்க ராத்திரி முழுக்க ஒருவன் விழித்திருக்க வேண்டும். இந்த யூனிட்டில் அந்த ஒருவன் நான்.

வெள்ளி, கூடலூர்

தெப்பக்காடு யானை முகாம் பக்கம் போக நேரமில்லை. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கிய பிறகு அங்கே கூட்டம். எடுத்தவர் ஊட்டிப் பெண், கார்த்திகி கோன்சால்வ்ஸ். வருஷக்கணக்கில் கூடவே இருந்து எடுத்த படம், ஓடுவது சுமார் 40 நிமிஷம். அந்தப் பொறுமையை எந்தச் சுவரிலும் ஓட்ட முடியாது.

டிரைவர் அண்ணா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவர் மகன் தீவிர ரசிகன். பட விளம்பரம் பற்றி எனக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'லியோ' (2023 அக்டோபர் 19) அங்கே விடியற்காலை 4 மணிக்கே ஓடியது. கூடலூரிலிருந்து பாட்டவயல் செக்போஸ்ட் தாண்டினால் சுல்தான் பத்தேரி. பையன்கள் ராத்திரியே ஜீப் பிடித்துப் போய்விட்டார்களாம். திரும்பி வந்து டீ குடிக்கும்போது இங்கே தியேட்டர் கேட்டே திறக்கவில்லை.

"சஸ்பென்ஸ் எல்லாம் செக்போஸ்ட்ல நிக்காது மாமா, அதுக்கு இ-பாஸ் வேண்டாம்" என்றான்.

அவன் அப்பா காலத்தில் படம் வருவதைச் சொன்னது மைக் கட்டிய ஜீப்பும் ரோஸ் கலர் பிட் நோட்டீஸும். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் வீசுவார்கள், பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னால் ஓடுவார்கள். படம் வரும்போது விளம்பரம் வந்தது. இப்போது படத்துக்கு முன்னால் விளம்பரம் பிறந்துவிடுகிறது. 'விக்ரம்' டைட்டில் டீசர் 2020 நவம்பரில் வந்தது. படப்பிடிப்பு 2021-ல், படம் 2022 ஜூனில். அந்த டீசருக்கென்றே தனியாக எடுத்த காட்சி அது. ஃபர்ஸ்ட் லுக், கிளிம்ப்ஸ், சிங்கிள், டிரைலர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, அந்தத் தேதிக்கே ஒரு அறிவிப்பு. வேடிக்கை என்னவென்றால் இதில் எல்லாவற்றையும் விட நன்றாக ஓடுவது மேக்கிங் வீடியோவாம். "கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்கன்னு தெரிஞ்சாதான் தியேட்டருக்குப் போவோம்" என்றான் பையன்.

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டேன். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) படத்தின் குகைக்குழியைக் கேரளத்தில் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் செட் போட்டுத்தான் எடுத்தார்கள். அஜயன் சாலிசேரியின் கலை. அதை மறைக்கவும் இல்லை, செட் போட்ட வீடியோவே பெருமையாகச் சுற்றியது. ஆனாலும் படம் பார்த்த கூட்டம் கொடைக்கானல் குணா குகைக்குத்தான் ஏறியது. சினிமா எங்கே எடுக்கப்பட்டது என்பது ஜனங்களுக்குப் பொருட்டில்லை. எந்த இடம் என்று நம்பி அழுதோமோ அங்கே போய் நிற்க வேண்டும். அந்த வகையில் ஷூட்டிங் மட்டத்துக்கு நாளைக்குக் கூட்டம் வரலாம், நாங்கள் எடுத்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு.

சனி, கோத்தகிரி

இறக்கம். காலையில் இரண்டு மணி நேரம் வானம் திறந்தது, மிச்சமிருந்த ஸ்கேன் முடிந்தது. வழக்கப்படி பூசணிக்காய் உடைத்தோம். ஐந்து பேருக்கு ஒரு சின்னப் பூசணி.

கோத்தகிரியில் சாப்பிடும்போது மேனேஜருக்கு சென்னையிலிருந்து போன். விளம்பரக் குழுவாம். மேக்கிங் வீடியோவுக்கு மலையில் எடுத்தது என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். முக்காலி சுழல்வதும் மஃப்ளர் கட்டிய ஐந்து பேர் டீ குடிப்பதும்தான் இருக்கிறது. அதை வைத்து யார் தியேட்டருக்கு வருவார்கள்? பத்து நிமிஷம் பேச்சு. முடிவு இதுதான்: படத்துக்கு ஹீரோ மலை ஏற வேண்டியதில்லை, மேக்கிங் வீடியோவுக்கு ஏறியாக வேண்டும். அடுத்த மாதம் ஒரு நாள் வருகிறார். கூட்டமாகத் தெரிய யூனிட் ஆட்கள் நாற்பது பேர், ஓடாத ஜெனரேட்டர் வண்டி ஒன்று, கிரேன் ஒன்று.

மேனேஜர் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அங்க ஒருத்தர் குதிரை வெச்சிருந்தாரே, நம்பர் வாங்கினியா?"

வாங்கியிருந்தேன். கொடுத்தேன். வாடகை இரட்டை என்பதையும் சொல்லிவைத்தேன்.